பேண்டு செட்டுக்கு வந்த தண்ணீர் பில்

எங்கள் ஊரில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் அவர்கள் எல்லோரும் மற்ற தெருக்களில் குடியிருந்தார்கள். எங்கள் வடக்குக் கிணற்றுத் தெருவுக்கு வாய்த்தது தாசையா பேண்டு செட்.

செட்டில் மொத்தம் நாலு பேர். தலைவர் தாசையா மாஸ்டர், கிளாரினெட் வாசிப்பார். குருசுமுத்து டிரம்பெட். சுடலைக்கண்ணு பெரிய டிரம். பண்டாரம் இரண்டு பித்தளைத் தட்டுகளை மோதித் தாளம் போடுவான். கல்யாண ஊர்வலமோ கோயில் கொடையோ கடைத் திறப்பு விழாவோ, எதுவானாலும் சிவப்புச் சட்டையும் ஜரிகைத் தோள்பட்டையுமாக இறங்கிவிடுவார்கள். வாசிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. வாசிக்காத நேரத்தில்தான் சிரமம்.

மாஸ்டர் வாக்கு மற்ற மூவருக்கும் வேதவாக்கு. ஒருமுறை ஊர்வலத்தில், "நான் நிறுத்தச் சொல்லுத வரைக்கும் நிறுத்தக்கூடாதுல" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் வெயிலில் மயங்கி விழுந்துவிட்டார். நிறுத்தச் சொல்லவில்லையே என்று மூன்று பேரும் ஆஸ்பத்திரி வார்டுக்குள்ளும் கட்டிலைச் சுற்றி நின்று வாசித்தார்கள். மாஸ்டர் கண் விழித்ததே அந்தச் சத்தம் தாங்காமல்தான் என்று நர்ஸம்மா சொன்னதாகக் கேள்வி.

பேண்டு செட்டுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? ஊர் முழுக்க அலைந்து செருப்புத் தேய்ந்த பிறகு வடிவம்மா ஒருத்திதான் கொடுத்தாள். அதற்கும் காரணம் உண்டு. அந்த வீட்டில் பெருச்சாளித் தொல்லை. பூனை வைத்துப் பார்த்தாள், பொறி வைத்துப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. பேண்டு செட் குடிவந்து முதல் நாள் சாதகம் பண்ணியதுமே பெருச்சாளிக் குடும்பம் ஒன்று குட்டிகளோடு வரிசையாக வாசல் வழியே வெளியேறியது. நான் எதிர்வீட்டுக்காரன். என் கண்ணால் பார்த்தேன். எனக்கும் கூடவே போய்விடலாமா என்று இருந்தது.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் ஒரு நாள் தண்ணீர் பில் வந்தது.

குழாய் இணைப்பு வடிவம்மா பேரில் இருந்தது. கட்டுவதும் அவள்தான். பில்லைப் பார்த்ததும் மகள் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து இறங்கினாள்.

"ஏ தாசையா, நாலு பேரு குடியிருக்கியளா, நாலு யானையைக் கட்டி வச்சிருக்கியளா?"

மாஸ்டர் திரும்பிப் பார்த்து எண்ணினார். "நாலு பேருதாம்மா" என்றார்.

"அடுத்த பில்லு இதைவிடக் குறைஞ்சிருக்கணும். ஒரு சொட்டு கூடுனாலும் சரி, தட்டையும் டிரம்மையும் தூக்கிக்கிட்டு வீட்டைக் காலி பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டு அதே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

நாலு பேருக்கும் முகத்தில் ஈயாடவில்லை. இந்த வீட்டை விட்டால் நாலு ஊருக்கு வேறு வீடு கிடையாது. நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும். சுடலைக்கண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அழாதல, அதுவும் பில்லுல ஏறிரும்" என்று குருசுமுத்து துண்டை எடுத்துக் கொடுத்தான்.

பில் தமிழில்தான் அச்சடித்திருந்தது. ஆனால் அதைப் படிக்கத் தமிழ் மட்டும் போதாது என்று தெரிந்தது. நல்லவேளையாக, தெருவில் மீட்டர் பார்க்க வந்த வேலுத்தாயை மாஸ்டர் கண்டுவிட்டார். வீட்டுக்குக் கூப்பிட்டு, ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்து, பில்லை நீட்டினார்.

வேலுத்தாய் பொறுமைசாலி. அன்று காலைவரை பொறுமைசாலியாகத்தான் இருந்தாள்.

"இங்க பாருங்க அண்ணாச்சி. இது போன தடவை மீட்டர் காட்டுன எண்ணு. முந்தைய அளவுன்னு போட்டிருக்கா? இது இப்போதைய அளவு. இப்போதையதுல இருந்து முந்தையதைக் கழிச்சா நீங்க புழங்குன தண்ணி. அவ்வளவுதான் பில்லு."

"அவ்வளவுதான் பில்லு" என்று பண்டாரம் ஒரு தரம் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டான்.

"நாலு பேருக்கு இது ரொம்ப அதிகம். எங்கயோ கசியுது. எல்லாக் குழாயையும் அடைச்சிட்டு மீட்டரைப் பாருங்க. அப்பவும் உள்ள இருக்கிற சின்னச் சக்கரம் சுத்துச்சுன்னா கசிவு இருக்குன்னு அர்த்தம். அப்புறம் கக்கூஸ் தண்ணித் தொட்டிக்குள்ள செங்கல் போடுங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு செங்கல் அளவுக்குத் தண்ணி மிச்சம்."

"எல்லாக் குழாயையும் அடைக்கணும். ஒவ்வொரு தடவையும் ஒரு செங்கல்" என்றான் பண்டாரம்.

"ஆனா மீட்டர்ல மட்டும் கை வச்சிராதீங்க. அது ஆபீஸ் சொத்து."

"எங்க கை அதுல படாதும்மா" என்று மாஸ்டர் கிளாரினெட் மேல் சத்தியம் செய்தார்.

மறுநாள் காலையில் நான் பின்கட்டில் குழாயடியில் உட்கார்ந்து குளித்துக்கொண்டிருந்தேன். தலை முதல் கால் வரை சோப்பு. கண்ணை மூடியபடி குழாயைத் தடவினால் தண்ணீர் வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். என் பின்கட்டில் சுடலைக்கண்ணு நின்றுகொண்டு குழாயை இறுக்கித் திருகிக்கொண்டிருந்தான்.

"என்னல பண்ணுத?"

"எல்லாக் குழாயையும் அடைக்கச் சொல்லியிருக்காங்க அண்ணாச்சி. இன்னும் டீக்கடைக் குழாய் பாக்கி இருக்கு. நேரம் இல்ல" என்று சொல்லிவிட்டுச் சுவர் ஏறிக் குதித்துப் போனான்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமில்லை. துண்டைக் கட்டிக்கொண்டு சோப்போடு தெருவுக்கு வந்தால் அங்கே எனக்கு முன்பே ஒரு கூட்டம் நின்றது. டீக்கடைக்காரர் கழுவாத தம்ளர்களோடு நின்றார். தெருக்குழாயடியில் பெண்கள் குடங்களோடு நிற்க, குழாயைக் கட்டிப்பிடித்தபடி பண்டாரம் நின்றான். "மாஸ்டர் மீட்டரைப் பாத்து முடிக்கட்டும். அதுவரை ஒரு சொட்டு வரக்கூடாது" என்றான். குடத்தால் அவன் முதுகில் விழுந்த அடிகளைத் தாளம் தப்பாமல் எண்ணிக்கொண்டிருந்தான்.

மீட்டர் இருந்தது வடிவம்மா வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில், வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மாடத்துக்குள். மாஸ்டரும் குருசுமுத்துவும் அதன் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தார்கள். சக்கரம் சுற்றியது. மெதுவாகத்தான். ஆனாலும் சுற்றியது.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிளாரினெட்டின் வாய்ப்பக்கம் ஒரு மெல்லிய பட்டை இருக்கும். சீவாளி என்பார்கள். காய்ந்தால் சத்தம் வராது, நனைய வேண்டும். மற்ற கிளாரினெட்காரர்கள் அதை வாயில் வைத்து ஈரமாக்கிக்கொள்வார்கள். தாசையா மாஸ்டர் வாய் நோகும் என்று முற்றத்துக் குழாயைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, அதன் கீழே ஒரு கிண்ணத்தில் சீவாளியைப் போட்டு வைத்திருந்தார். குடிவந்த நாளிலிருந்து அந்தக் குழாய் மூடியதே இல்லை.

"மாஸ்டர், சீவாளிக் குழாயை அடைக்கல" என்று குருசுமுத்து நினைவூட்டினான்.

"அது எப்படில குழாயாகும்? குழாய்னா குடிக்க, குளிக்க. அது வாத்தியத்தைச் சேர்ந்தது. டிரம்பெட்டை அடைச்சியா நீ?"

"இல்ல மாஸ்டர்."

"அப்புறம்?"

நியாயம்தான் என்று குருசுமுத்துக்குப் பட்டது. சீவாளிக் குழாய் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, நாலு பேரும் கசிவைத் தேடினார்கள். சமையலறையைத் தேடினார்கள். பாயைத் தூக்கிப் பார்த்தார்கள். அரிசிப் பானைக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் கூடத்தில் கூடி உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"கசிவுன்னா என்ன?" என்று மாஸ்டர் ஆரம்பித்தார்.

"உள்ள வந்த தண்ணி வெளிய போறது" என்றான் குருசுமுத்து.

"தண்ணி எப்படி உள்ள வருது?"

"மீட்டர் வழியா."

"வந்து?"

"செம்புல பிடிச்சு நாம குடிக்கோம்."

"குடிச்சு?"

எல்லோருடைய கண்ணும் மெல்லச் சுடலைக்கண்ணுவின் பக்கம் திரும்பியது. அவன் இயற்கையிலேயே வியர்வைக்காரன். சும்மா உட்கார்ந்திருந்தாலே நெற்றியில் முத்து முத்தாகப் பூத்துவிடும். இப்போது எல்லோரும் பார்ப்பதால் இன்னும் அதிகமாக ஊற்றியது.

"கசிவு கெடச்சிருச்சு" என்றார் மாஸ்டர்.

குழாய்க்காரர்கள் மரைமேல் சுற்றும் வெள்ளை டேப்பை வாங்கிவந்து சுடலைக்கண்ணுவின் நெற்றியில் சுற்றினார்கள். அவனும் பாவம், ஒத்துழைத்தான். அன்று மாலை ஒரு கல்யாண ஊர்வலத்துக்கு அந்தக் கட்டோடு போய் டிரம் அடித்தான். தலையில் அடிபட்டும் வேலைக்கு வந்திருக்கிறானே என்று பெண் வீட்டார் உருகிப்போய் அவனுக்கு மட்டும் இரண்டு லட்டு கூடுதலாக வைத்தார்கள். அதைக் கண்டு பண்டாரம், தனக்கும் அங்கங்கே கசிவதாக மாஸ்டரிடம் தனியாகச் சொன்னான்.

கசிவு முடிந்தது. அடுத்தது செங்கல்.

ஒவ்வொரு தடவையும் ஒரு செங்கல் என்று வேலுத்தாய் சொல்லியிருந்தாள். அதை அவர்கள் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார்கள். யாருக்கு அவசரம் வந்தாலும் முதலில் வாசலுக்கு ஓடி, காம்பவுண்டுச் சுவரின் உச்சியிலிருந்து ஒரு செங்கலைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு, பிறகுதான் உள்ளே போனார்கள். பழைய சுண்ணாம்புச் சுவர், வலிக்காமல் பெயர்ந்தது. கையில் செங்கலோடு நடப்பவனிடம் யாரும் எதுவும் பேசக்கூடாது என்று ஒரு மரியாதையும் ஏற்பட்டிருந்தது.

சுவர் உயரமாக இருந்தவரை எனக்கு அவர்கள் சத்தம் மட்டும்தான் கேட்கும். கொஞ்சம் கொஞ்சமாக அவர்களுடைய தலை தெரிந்தது. பிறகு தோள்பட்டை தெரிந்தது. பண்டாரத்துக்கு வயிறு சரியில்லாத ஒரு நாளில் இடுப்புவரை தெரிய ஆரம்பித்துவிட்டது.

கக்கூஸ் தொட்டி அதற்குள் நிறைந்துபோயிற்று. இனி என்ன செய்வது என்று மறுபடியும் கூடி உட்கார்ந்தார்கள்.

"இத்தினியூண்டு தொட்டியிலயே இவ்வளவு மிச்சம்னா, மொட்டமாடித் தொட்டியில எவ்வளவு மிச்சமாகும்?" என்று குருசுமுத்து கேட்டான்.

மாஸ்டர் அவனை எழுந்து நிற்கச் சொல்லிக் கட்டிக்கொண்டார். இத்தனை நாள் இப்படி ஒரு மூளையை டிரம்பெட் ஊதவிட்டு வீணடித்துவிட்டோமே என்று வருந்தினார்.

அன்று முழுக்கச் சுவர் மாடிக்கு ஏறியது. ஏறி, தொட்டிக்குள் இறங்கியது. முன்பெல்லாம் அந்தத் தொட்டி நிரம்ப ஒரு காலைப்பொழுது ஆகும். இப்போது குழாயில் தண்ணீர் வந்த கொஞ்ச நேரத்திலேயே நிரம்பியது. நாலு பேரும் கை தட்டினார்கள். தொட்டி நிரம்பினால் தண்ணீரை நிறுத்துவதற்கு உள்ளே ஒரு மிதவைப் பந்து இருக்குமே, அதன் தலையில் ஒரு செங்கல் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. அதனால் தண்ணீர் நிற்கவில்லை. மொட்டைமாடியிலிருந்து முற்றத்தில் அருவியாகக் கொட்டியது.

"மாஸ்டர், வழியுது" என்றான் பண்டாரம்.

"எது வழியும்? தேவைக்கு மேல உள்ளதுதான வழியும்? நமக்கு வேண்டியது போக இவ்வளவு மிச்சம்" என்று மாஸ்டர் அதன் கீழேயே நின்று குளித்தார்.

இப்போது சுவரென்று பார்த்தால் மீட்டர் இருந்த மாடம் மட்டும்தான் நின்றது. அதிலும் நல்ல செங்கற்கள் இருந்தன. தொட்டியிலும் ஒரு மூலையில் இடம் இருந்தது. ஆனால் மீட்டரில் கை படக்கூடாதே.

இதற்குப் பண்டாரம் வழி கண்டான். மத்தியானம் தெருவில் தண்ணீர் நின்ற பிறகு, அவன் தன் இரண்டு பித்தளைத் தட்டுகளுக்கும் நடுவில் மீட்டரை வடை மாதிரி பிடித்துக்கொண்டான். சுடலைக்கண்ணு ஸ்பேனரால் இரண்டு பக்கமும் கழற்றினான். ஒருவன் விரல்கூட அதில் படவில்லை. குருசுமுத்து கீழே இருந்த செங்கலை உருவிக்கொண்டு மாடிக்கு ஓடினான். அவன் திரும்பி வரும்வரை பண்டாரம் தும்மாமல் நின்றான்.

மாட்டும்போதுதான் பிரச்சினை வந்தது. எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது என்று யாருக்கும் நினைவில்லை.

"மாஸ்டர், இதுல ஒரு அம்பு போட்டிருக்கு" என்று பண்டாரம் தட்டுகளுக்கு நடுவே எட்டிப் பார்த்துச் சொன்னான்.

"அம்பா?"

"ஆமா. வீட்டைப் பாத்து வைக்கவா, தெருவைப் பாத்து வைக்கவா?"

மாஸ்டர் நெடுநேரம் யோசித்தார். "வீட்டைக் காக்கிறதுக்குத்தான வாசல்ல வச்சிருக்காங்க? சொந்த வீட்டைப் பாத்து எவனாவது அம்பு விடுவானால? வெளிய இருந்து வரவனைப் பாத்துத்தான் இருக்கணும்" என்றார்.

அம்பு தெருவைப் பார்த்தது. கழுத்துவரை இறுக்கிவிட்டு, ஆபீஸ் சொத்தாயிற்றே என்று ஒரு கும்பிடும் போட்டார்கள். சாயங்காலம் தண்ணீர் வந்ததும் சக்கரம் வேகமாகச் சுற்றியது. முன்பு சுற்றியதற்கு நேர் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. அதை யாரும் கவனிக்கவில்லை.

வேலுத்தாய் மீட்டர் பார்க்க வரும் நாள் நெருங்கியது. அதற்கு முதல் நாள் காலையில் குருசுமுத்துவின் மூளை மறுபடியும் வேலை செய்தது. பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

"மாஸ்டர், மோசம் போயிட்டோம். இப்போதையதுல இருந்து முந்தையதைக் கழிக்கணும்னு அந்தம்மா சொன்னாங்கல்லா? அப்படின்னா முந்தையது பெருசா இருக்கணும். அப்பதான நெறையக் கழியும்? நாம என்னடான்னா மிச்சம் பிடிச்சு மிச்சம் பிடிச்சு முந்தையதைச் சின்னதாக்கி வச்சிருக்கோம்."

மாஸ்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "முந்தையதுன்னா எது வரைக்கும்ல?"

"அவங்க வர்றதுக்கு முந்தி ஓடுறதெல்லாம் முந்தையது. அவங்க வந்து நிக்கிறப்ப ஓடுறது இப்போதையது."

"அப்போ அவங்க வர்ற வரைக்கும் ஓடவிடணும். வந்து நின்னதும் நிறுத்திரணும்."

"நிறுத்திட்டா இப்போதையது சைபர். சைபர்ல இருந்து அவ்வளவையும் கழிச்சா..."

கழித்தால் என்ன வரும் என்று நாலு பேருக்கும் தெரியவில்லை. ஆனால் ரொம்பக் குறைவாகத்தான் வரும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஓடிப் போய்த் திறந்தார்கள். சமையலறைக் குழாய், குளியலறைக் குழாய், கக்கூஸ் குழாய் எல்லாம் திறந்தாயிற்று. மாடியிலிருந்து ஏற்கெனவே அருவி. வடிவம்மா வீட்டு வாசலிலிருந்து தெருவுக்கு ஓர் ஆறு கிளம்பியது. என் வீட்டுப் படிக்கட்டில் மூன்று படி முழுகியது. டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கி மேஜை மேல் போட்டுவிட்டு அதன் மேல் தானும் ஏறி உட்கார்ந்து டீ ஆற்றினார்.

மறுநாள் வேலுத்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருமுனையில் இறங்கி வந்தாள். பின்னாலேயே வடிவம்மாவின் ஆட்டோவும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. காலி பண்ணச் சொல்வதற்கென்றே வந்திருந்தாள். நாலு பேரும் சிவப்புச் சட்டை போட்டு வரிசையில் நின்றார்கள். வாத்தியங்களைத் துடைத்து, பாய்களையும் சுருட்டி ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். சுடலைக்கண்ணுவின் டேப்புக்குள்ளிருந்து கசிவு மூக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது.

வேலுத்தாய் மீட்டர் அருகில் காலை வைத்ததும் மாஸ்டர் பாட்டை முடிப்பதுபோல் கையை உயர்த்தி மூடினார். மூன்று பேரும் மூன்று பக்கம் பாய்ந்தார்கள். ஒரே தட்டில் எல்லாக் குழாயும் நின்றது. சீவாளிக் குழாயும் மாடி அருவியும் மட்டும் தம் பாட்டுக்கு ஓடின.

வேலுத்தாய் மீட்டரைப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். கையிலிருந்த பழைய எண்ணைப் பார்த்தாள். பிறகு மாடத்தில் சாய்ந்துகொண்டாள்.

"என்னம்மா, கூடிருச்சா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"போன தடவை இருந்ததைவிடக் குறைஞ்சிருக்கு."

"பில்லு குறைஞ்சிருக்கா?"

"பில்லு இல்ல அண்ணாச்சி, மீட்டரே குறைஞ்சிருக்கு. இந்தக் கணக்குப்படி நீங்க ஆபீஸ் தண்ணியை எடுக்கவே இல்ல. ஆபீசுக்கு நீங்க தண்ணி குடுத்திருக்கிய."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். பண்டாரம் தட்டை ஒரு மோது மோதினான். மாஸ்டர் அழுதேவிட்டார். இப்போது அழலாம், பில் பார்த்து முடிந்துவிட்டது.

வடிவம்மா ஆட்டோவிலிருந்து இறங்கினாள். சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"எங்கடா என் காம்பவுண்டுச் சுவரு?"

"மேல இருக்கும்மா. ஒண்ணுகூடக் குறையல. தண்ணிக்குள்ள பத்திரமா இருக்கு" என்றான் சுடலைக்கண்ணு.

வடிவம்மா மொட்டைமாடியை அண்ணாந்து பார்த்தாள். ஆட்டோவைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவள் சொன்ன சொல் தவறாதவள். "பில்லு குறைஞ்சா இருக்கலாம்னு சொன்னேன். குறைஞ்சிருச்சு. இருந்து தொலைங்க. ஆனா நாளைக்கு விடியுறதுக்குள்ள வீட்டைச் சுத்திச் சுவரு பழையபடி நிக்கணும். வீட்டைச் சுத்தி. வெளங்குதா?"

"வீட்டைச் சுத்தி" என்று பண்டாரம் மனப்பாடம் செய்தான்.

வேலுத்தாய்க்கு அதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. "இதைக் கழட்டி மாட்டுனது யாரு?" என்று கேட்டாள்.

"கை படலம்மா. தட்டுதான் பட்டுச்சு" என்றார் மாஸ்டர்.

"அம்பு எந்தப் பக்கம் காட்டுது பாத்தியளா? தெருவைக் காட்டுது. அம்பு காட்டுற பக்கந்தான் வீடு இருக்கணும். அதான் முறை. இனிமே இந்த மீட்டரைக் கையால தொடக்கூடாது, தட்டால தொடக்கூடாது, எதாலயும் தொடக்கூடாது. நான் ஆபீஸ்ல சொல்லி ஆள் அனுப்புதேன். அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வடிவம்மாவும் போய்விட்டாள்.

அவர்கள் தலை மறைந்ததும் நாலு பேரும் மீட்டரைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"அம்பு காட்டுத பக்கந்தான் வீடு இருக்கணுமாம்" என்று மாஸ்டர் ஆரம்பித்தார்.

"அம்பு தெருவைக் காட்டுது" என்றான் பண்டாரம்.

"அம்பைத் திருப்பலாமா?"

"தொடவே கூடாதுன்னு சொல்லிட்டாங்களே மாஸ்டர்."

"அப்போ அம்பு அங்கதான் இருக்கும்."

"ஆமா."

"வீடு மட்டும் இந்தப் பக்கம் இருக்கு."

"தப்பான பக்கம்" என்றான் சுடலைக்கண்ணு. பாவம், அவனுக்கே விளங்கிவிட்டது.

எனக்கு அன்று சாயங்காலமே தலைவலி. கதவைச் சாத்திக்கொண்டு சீக்கிரம் படுத்துவிட்டேன்.

காலையில் எழுந்து வாசல் கதவைத் திறந்தேன். தெருவைக் காணவில்லை.

தெரு இருந்த இடத்தில், என் படிக்கட்டை ஒட்டி, நாலு பாய் விரித்திருந்தது. அடுப்பில் உலை கொதித்தது. டிரம்மின் மேல் சோற்றுத் தட்டுகள் அடுக்கியிருந்தன. சாமி படங்களை என் ஜன்னல் கம்பியில் மாட்டி, பூவும் வைத்திருந்தார்கள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தெருவை மறித்து, ஈரம் காயாத செங்கல் சுவர் இடுப்பளவுக்கு எழும்பியிருந்தது. வடிவம்மா வீட்டுக் கேட்டைக்கூடப் பெயர்த்துக் கொண்டுவந்து அதில் பொருத்தியிருந்தார்கள். சீவாளிக் கிண்ணம் தெருக்குழாய்க்குக் கீழே மாறியிருந்தது.

வடிவம்மா வீடு விரியத் திறந்து கிடந்தது. இத்தனை நாள் எங்கே இருந்தனவோ தெரியவில்லை, அந்தப் பெருச்சாளிகள் குட்டிகளோடு வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. பண்டாரம் அவற்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான். "தெருவுல போறதை நாம என்னன்னு கேக்க முடியும்?" என்றான்.

கேட்டுக்கு வெளியே மணல் ஏற்றிய ஒரு மினி லாரி ஹாரன் அடித்தது. மாஸ்டர் எழுந்து போய் டிரைவருக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தார். "உள்ள வாங்க தம்பி. வீட்டுக்குள்ள வர்றிய, செருப்பை மட்டும் வாசல்ல கழட்டிப் போட்டுருங்க" என்றார். டிரைவர் தண்ணீரைக் குடித்துவிட்டு இறங்கினான். பிறகு செருப்பைக் கழற்றிக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, வண்டியை நாலு பாய்களுக்கும் நடுவே மெதுவாக ஓட்டிக்கொண்டு மறுபக்கம் போனான். போன பிறகுதான் செருப்பு ஞாபகம் வந்து திரும்பி நடந்துவந்தான்.

வடிவம்மா காலி பண்ணச் சொன்னபோது போகாதவர்கள், இருந்துகொள்ளுங்கள் என்று சொன்ன அன்றைக்கே போய்விட்டார்கள். இதை எப்படி அவளுக்குச் சொல்வது என்று யோசித்தபடி நான் படியிலிருந்து காலைக் கீழே வைத்தேன். குருசுமுத்துவின் பாயில் பட்டுவிட்டது.

"அண்ணாச்சி" என்றார் மாஸ்டர். அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "நீங்க படிச்சவங்க. அடுத்த வீட்டுக்குள்ள வரும்போது கதவைத் தட்டிட்டுத்தான வரணும்?"

எனக்குச் சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே போனேன். என் வீட்டுக் கதவைச் சாத்தி, உள்ளே இருந்தபடியே இரண்டு தட்டுத் தட்டினேன்.

"யாரது?" என்று மாஸ்டர் குரல் கேட்டது.

"நான்தான், எதிர்வீட்டுக்காரன்" என்றேன்.

வெளியே கொஞ்ச நேரம் ஆலோசனை நடந்தது. பிறகு சுடலைக்கண்ணு சொன்னான்: "பொய் சொல்லுதாரு மாஸ்டர். எதிர்வீட்டுல பெருச்சாளில்லா குடியிருக்கு."